இருபத்தொரு நாள் சைக்கிள் பந்தயத்தை எப்படித் தொடர்வது? கோத்தகிரியிலிருந்து ஒரு பதில்

ஊட்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அவர் கேள்வியின் சுருக்கம் இது: "டூர் டி பிரான்ஸ் பார்க்க உட்கார்ந்தேன். முதல் நாள் ஒருத்தர் ஜெயித்தார், மறுநாள் வேறொருத்தர். மஞ்சள் சட்டை போட்டவர் எதிலும் முதலில் வரவில்லை. நாலு மணி நேரம் வயல்காட்டையும் சர்ச் கோபுரத்தையும் காட்டுகிறார்கள். ஐந்தாம் நாள் விட்டுவிட்டேன். இதை எப்படித்தான் மூன்று வாரம் பார்க்கிறீர்கள்? யாரை ஆதரிப்பது? நம் மலையில் இந்த மாதிரி ஏதாவது நடக்கிறதா?"

தம்பி, ஐந்து நாள் தாங்கியதே பெரிய விஷயம். நான் முதல் வருஷம் மூன்றாம் நாளே விட்டவன். கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் எனக்கு ராத்திரி வேலை. பிரான்ஸில் சாயங்காலம் ஐந்தரைக்கு முடிகிற ஓட்டம் நமக்கு இரவு ஒன்பது மணிக்கு முடியும். அந்த நேரத்தில் பச்சை இலை வாடிக்கொண்டிருக்கும், மெஷின் ஓட்ட இன்னும் நேரம் கிடக்கும். டீத்தூள் டின்மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பத்து வருஷத்துக்கு மேலாகப் பார்த்து வருகிறேன். கூடவே அடுப்புக்கு விறகு போடுகிற அண்ணன் ஒருவர். சைக்கிள் மிதிக்கவே தெரியாதவர் அவர். ஆனால் கேட்கிற கேள்வி எல்லாம் சரியான இடத்தில் குத்தும்.

முதலில் உங்களைக் குழப்பிய விஷயத்தைத் தீர்த்துவிடுவோம். தினமும் ஒரு பந்தயம் நடக்கிறது. அதற்குள்ளேயே 21 நாள் ஓடுகிற இன்னொரு பந்தயமும் நடக்கிறது. அன்றைக்கு முடிவுக் கோட்டை முதலில் தொட்டவருக்கு அன்றைய வெற்றி, அதோடு சரி. ஆனால் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்பதைத் தினமும் கூட்டிக்கொண்டே வருவார்கள். மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவருக்கு மஞ்சள் சட்டை. மளிகைக் கடைக் கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் சட்டைக்காரர் பேரில் பாக்கி எதுவும் இல்லை. மற்ற எல்லாருக்கும் பாக்கி உண்டு: ஒருத்தருக்கு 18 விநாடி, இன்னொருத்தருக்கு 2 நிமிடம், கடைசி ஆளுக்கு ஐந்து மணி நேரம். ராத்திரி நான் முதலில் பார்ப்பது அந்த நோட்டைத்தான். யார் ஜெயித்தார் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே கூட்டமாக வந்து சேர்கிற எல்லாருக்கும் ஒரே நேரம்தான் எழுதுவார்கள். சமவெளி நாட்களில் 150 பேர் மொத்தையாக வந்து கோட்டைத் தாண்டுவார்கள். முன்னால் வந்தவருக்கும் நூற்றைம்பதாவது ஆளுக்கும் ஒரே நேரம். வழக்கமாகக் கடைசி 3 கிலோமீட்டருக்குள் விழுந்தாலும், விழுந்தவர் எந்தக் கூட்டத்தில் இருந்தாரோ அந்தக் கூட்டத்தின் நேரமே அவருக்கும் கிடைக்கும். அதனால் அந்த நாட்களில் நோட்டில் ஒரு எழுத்துகூட மாறாது. முதல் மூன்று பேருக்கு 10, 6, 4 விநாடி கழிவு உண்டு, அவ்வளவுதான். நீங்கள் பார்த்த ஐந்து நாளில் பாதி இப்படித்தான் இருந்திருக்கும். நாலு மணி நேரம் உட்கார்ந்து, நோட்டில் ஒன்றுமே மாறாத நாட்களைப் பார்த்திருக்கிறீர்கள்.

அந்தப் பத்து விநாடியை அற்பமாக நினைத்துவிடாதீர்கள். 2024 பெண்கள் டூரில் நடந்ததைச் சொல்கிறேன். ஏழே நாளில் எட்டு ஓட்டம், கடைசி நாள் ஆல்ப் துவேஸ் என்ற மலை உச்சியில் முடிந்தது. காலையில் மஞ்சள் சட்டை போலந்துக்காரர் காசியா நியெவியாதோமாவிடம் இருந்தது. முந்தைய வருஷம் ஜெயித்த டச்சுக்காரர் டெமி வொல்லரிங் பேரில் 1 நிமிடம் 15 விநாடி பாக்கி. அது வந்த விதமே பரிதாபம். ஐந்தாவது ஓட்டம் வரை மஞ்சள் சட்டை அவரிடம்தான் இருந்தது. அன்றைக்கு முடிவுக்குச் சுமார் 6 கிலோமீட்டர் இருக்கும்போது விழுந்தார். அந்த 3 கிலோமீட்டர்ச் சலுகை அவருக்குக் கிடைக்கவில்லை. கடைசி நாள் வொல்லரிங் மலையில் ஒருவரைத் தவிர எல்லாரையும் உதறிவிட்டுப் போய் முதலில் வந்தார். வந்ததும் கணக்கு தொடங்கியது. 75 விநாடி பாக்கி. முதலில் வந்ததற்குக் கழிவு 10 போக மீதி 65. அவர் கோட்டைத் தாண்டிய நொடியிலிருந்து 65 விநாடிக்குள் நியெவியாதோமா வந்துவிட்டால் மஞ்சள் சட்டை அவருக்கு. திரையின் மூலையில் எண் ஓடுகிறது. நாற்பது, ஐம்பது, ஐம்பத்தைந்து. வளைவில் அவர் தெரிகிறார், உடம்பு மொத்தமும் சைக்கிளின் மேல் ஆடுகிறது. 61-ல் கோட்டைத் தாண்டினார். எட்டு ஓட்டத்தில் 4 விநாடி வித்தியாசம்!

விறகு அண்ணன் கேட்டார்: "ஜெயிச்ச பொண்ணு அழுவுது, தோத்த பொண்ணும் அழுவுது. யாருக்குடா கப்பு?" கேள்வி நியாயம்தான். அன்றைய ஓட்டத்தில் ஜெயித்தது வொல்லரிங், அடிபட்டதும் அவர்தான்.

அதனால் என் யோசனை என்னவென்றால், ஆண்கள் டூரின் 21 நாளை எடுத்த எடுப்பில் தொடாதீர்கள். 2022 முதல் நடந்துவருகிற பெண்கள் டூரைப் பிடியுங்கள். பத்து நாளுக்குள் முடிந்துவிடும், கதை நம் நினைவில் நிற்கும், யார் யார் என்று முகம் பழகும். அதைப் பார்த்தவர்களுக்கு மூன்று வாரப் பந்தயம் பெரிய சுமையாகத் தெரியாது.

இப்போது மலை விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் நமக்கு ஒரு வசதி உண்டு. சென்னையில் இருப்பவருக்கு "எட்டு சதவீத ஏற்றம்" என்றால் வெறும் எண். நமக்கு அது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. மேட்டுப்பாளையம் ரயில் கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்குமே, அந்தப் பாதையின் அதிகபட்ச சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று. 12 அடி போனால் 1 அடி மேலே. சதவீதத்தில் 8.33. வழுக்கிவிடும் என்றுதான் 1899-லேயே தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்பைப் பதித்தார்கள். ஆல்ப் துவேஸ் ஏற்றத்தின் சராசரி 8.1 சதவீதம், நீளம் 13.8 கிலோமீட்டர், 21 கொண்டை ஊசி வளைவு. அதாவது நம் ரயில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிற அளவு சரிவில், தார் ரோட்டில், முன்னணி ஆட்கள் நாற்பது நிமிடத்துக்குள் ஏறி முடிக்கிறார்கள். மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல். நம் ரயிலுக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகிறது. கல்லாறு தாண்டி அது ஊர்ந்து போவதை ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு தடவை பாருங்கள், பிறகு பந்தயத்தைப் பாருங்கள். ஆட்கள் எவ்வளவு வேகமாகப் போகிறார்கள் என்பது டிவியில் தெரியவே தெரியாது. மோட்டார் பைக்கில் கூடவே போகிற கேமரா எல்லாவற்றையும் மெதுவாகக் காட்டிவிடும்.

சொந்த அனுபவமும் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர். நான் முதல் தடவை சைக்கிளில் ஏறியபோது மூன்றேகால் மணி நேரம் ஆனது. அதில் அரைமணி நேரம் ஒரு வளைவின் சுவர்மேல் உட்கார்ந்து, போகிற வருகிற பஸ்ஸில் இருப்பவர்கள் என்னைப் பார்ப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ரோட்டின் சராசரி நாலரை சதவீதம்கூட வராது. உங்களால் முடிந்தால் ஊட்டிக்குப் போகிற வழியில் இரண்டு வளைவாவது மிதித்துப் பாருங்கள். மூச்சு வாங்குகிற அந்த இடத்தில் பக்கத்தில் ஒருவன் திடீரென்று வேகமெடுத்துப் போனால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். "அட்டாக்" என்று வர்ணனையாளர் கத்துவது அதைத்தான்.

மலையில்தான் நோட்டு மாறும் என்பதற்குக் காரணம் காற்று. சமவெளியில் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சக்தியில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போய்விடும். முன்னால் போகிறவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சம். காரமடை ரோட்டில் லாரிக்குப் பின்னால் சைக்கிளில் போனவர்களுக்குத் தெரியும் அந்த இழுவை. (போகாதீர்கள், பிரேக் அடித்தால் கதை முடிந்தது.) அதனால் எவ்வளவு பெரிய பலசாலியானாலும் சமவெளியில் தனியாகக் கூட்டத்தை விட்டு ஓடிவிட முடியாது. ஏற்றத்தில் வேகம் இருபதுக்கு வந்துவிடும். அங்கே ஒளிய முதுகு இல்லை, எடையும் காலும்தான் பேசும். அதனால்தான் ஏற்றங்களுக்கு நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று தரம் பிரித்து, அதற்கும் மேலே தரத்தில் அடங்காதது என்று ஒரு வகையும் வைத்திருக்கிறார்கள். நான்கு லேசு, ஒன்று கடினம், தரமில்லாதது இருப்பதிலேயே கொடுமை. ஊட்டிக்கு ஏறுகிற நம் கல்லட்டி ரோட்டை எதில் சேர்ப்பார்கள் என்பது எனக்கும் விறகு அண்ணனுக்கும் வருஷா வருஷம் நடக்கிற சண்டை.

காற்று விஷயம் புரிந்தால் டீம் ஏன் என்பதும் புரிந்துவிடும். ஒரு டீமில் எட்டுப் பேர். ஜெயிக்க நினைப்பது பெரும்பாலும் ஒருவர்தான். மற்ற ஏழு பேரும் அவருக்குக் காற்று தடுப்பவர்கள், தண்ணீர் சுமப்பவர்கள், அவர் சைக்கிள் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரோட்டோரம் நிற்பவர்கள். தண்ணீர் சுமப்பதைக் கவனித்துப் பாருங்கள். கூட்டத்தின் வாலில் டீம் கார் வரும். ஒருவர் வேகத்தைக் குறைத்துப் பின்னால் வருவார், ஜன்னல் வழியாகப் பாட்டில்களை வாங்கிச் சட்டைக்குள் திணிப்பார். முதுகில் மூன்று, கழுத்துக்குப் பின்னால் இரண்டு, வயிற்றுப் பக்கம் இரண்டு. கூன் விழுந்த மாதிரி ஆகிவிடும் உடம்பு. அப்புறம் அந்தச் சுமையோடு நூற்றுக்கும் மேற்பட்ட பேரை ஒவ்வொருவராகத் தாண்டி முன்னால் போக வேண்டும். பாட்டில்களைக் கொடுத்து முடித்துத் தன் இடத்துக்கு வந்து மூச்சு விடுவதற்குள் ஏற்றம் தொடங்கிவிடும். தலைச்சுமையாக இலை மூட்டையை எடைபோடும் இடத்துக்குத் தூக்கி வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவன் நான். இதைப் பார்க்கும்போது எனக்குக் கழுத்து வலிக்கும்.

ஓட்டம் தொடங்கியதுமே நாலைந்து பேர் கூட்டத்தை விட்டு ஓடிப்போவார்களே, அவர்களை ஏன் விடுகிறார்கள் என்று கேட்பீர்கள். அவர்கள் பேரில் நோட்டில் ஏற்கெனவே அரைமணி நேரம் பாக்கி இருக்கும். ஐந்து நிமிடம் முன்னால் போனாலும் மஞ்சள் சட்டைக்கு ஆபத்தில்லை. கூட்டம் கணக்குப் போட்டுத்தான் விடும். பத்து கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் வீதம் துரத்திப் பிடித்துவிடலாம் என்பது பழைய வாய்ப்பாடு. பிரெஞ்சு வர்ணனையாளர் ராபர்ட் ஷபாத் பேரில் அதைச் சொல்வார்கள். முன்னால் போனவர்களுக்கும் இந்த வாய்ப்பாடு தெரியும். பிடித்துவிடுவார்கள் என்று தெரிந்தே 150 கிலோமீட்டர் மிதிப்பார்கள். எப்போதாவது ஒரு தடவை கூட்டத்தின் கணக்கு தப்பும். அந்த ஒரு நாளுக்காகத்தான் இத்தனை மிதியும்.

மற்ற சட்டைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பச்சை, கோட்டைத் தொடும் வரிசைக்குப் புள்ளி சேர்ப்பவருக்கு. சிவப்புப் புள்ளி போட்ட வெள்ளை, மலை உச்சிகளில் புள்ளி சேர்ப்பவருக்கு. வெறும் வெள்ளை, இளைஞர்களில் முன்னிலையில் இருப்பவருக்கு. மஞ்சளுக்கு மட்டும் ஒரு கதை உண்டு. 1903-ல் இந்தப் பந்தயத்தைத் தொடங்கியதே லோட்டோ என்ற பத்திரிகைதான், விற்பனையைக் கூட்ட. அது மஞ்சள் தாளில் அச்சாகும். 1919-ல் முன்னிலையில் இருப்பவருக்கு அதே நிறத்தில் சட்டை கொடுத்தார்கள். இத்தாலியில் இதே மாதிரி நடக்கிற ஜீரோ (Giro) பந்தயத்தில் சட்டை இளஞ்சிவப்பு, அங்கேயும் அது பத்திரிகைத் தாளின் நிறம்தான்.

அந்த மஞ்சள் சட்டையை முதலில் போட்ட யூஜின் கிறிஸ்தோஃப் பற்றித் தெரிந்துகொண்டால் இந்தப் பந்தயத்தின் குணம் புரியும். 1913-ல் தூர்மாலே மலையிலிருந்து இறங்கும்போது அவருடைய சைக்கிளின் முன் ஃபோர்க் உடைந்துவிட்டது. அப்போது விதி, யாரும் உதவக்கூடாது, வேறு சைக்கிளும் வாங்கக்கூடாது. உடைந்த சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மலையடிவார ஊர் வரை நடந்தார். அங்கே ஒரு கொல்லன் பட்டறை. தானே இரும்பைக் காய்ச்சி, அடித்து, ஒட்டினார். பந்தய அதிகாரிகள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பல மணி நேரம் போய்விட்டது. கடைசியில் துருத்தி ஊத ஒரு சின்னப் பையனை வைத்துக்கொண்டதற்காக அபராத நேரமும் போட்டார்கள்! அவர் டூரை ஒரு தடவையும் ஜெயிக்கவில்லை.

சரி, எந்த நாளைப் பார்ப்பது? டூர் தொடங்குவதற்கு முந்தின வாரம் ஒவ்வொரு நாளின் ஏற்ற இறக்கப் படமும் வந்துவிடும். 21 படத்தையும் வரிசையாகப் பாருங்கள். கடைசியில் கோபுரம் மாதிரி நிமிர்ந்து முடிகிற படங்கள் ஐந்தாறு இருக்கும், அவற்றைக் காலண்டரில் குறித்துவையுங்கள். தனித்தனியாக ஓடுகிற டைம் டிரையல் ஒன்றோ இரண்டோ இருக்கும், அதையும் குறியுங்கள். அந்த நாட்களில் சாயங்காலம் ஏழரையிலிருந்து முழுதாக உட்காருங்கள். மற்ற நாளில் எட்டே முக்காலுக்கு வந்து கடைசிப் பத்து கிலோமீட்டர் பார்த்தால் போதும். வயல்காட்டை நான் இப்போது ரசித்துப் பார்க்கிறேன், அது வேறு விஷயம். உங்களுக்கு அது மூன்றாவது வருஷம் தானாக வரும்.

ஜீரோ மே மாதம், அதாவது நமக்கு சீசன். மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் ரோட்டில் இறங்கவே முடியாது, வீட்டில் உட்கார்ந்து இத்தாலி மலைகளைப் பார்க்கலாம். ஸ்பெயினின் வுவெல்டா ஆகஸ்ட் கடைசியில் தொடங்கிச் செப்டம்பரில் முடியும். ஜூலை டூருக்குத்தான் சிக்கல். சாரலும் காற்றும் அடிக்கிற மாதம் அது, மரம் விழுந்தால் கரண்ட் போய்விடும்.

2020-ல் தொற்றுக் காரணமாக டூரை ஆகஸ்ட் கடைசிக்கும் செப்டம்பருக்கும் தள்ளியிருந்தார்கள். கடைசிக்கு முந்தின நாள் டைம் டிரையல், 36 கிலோமீட்டர், முடிவில் லா பிளான்ஷ் தே பெல் ஃபிய் என்ற செங்குத்தான ஏற்றம். மஞ்சள் சட்டை பிரிமோஸ் ரோக்லிச்சிடம். அதே ஸ்லோவேனியா நாட்டுப் பையன் ததேய் போகாச்சார் 57 விநாடி பாக்கியில் இரண்டாவது. எல்லாரும் முடிந்த கதை என்றுதான் நினைத்தார்கள், நானும்தான். அன்றைக்கு எனக்கு விடுமுறை, வீட்டில் இருந்தேன். ஏற்றம் தொடங்குகிற நேரம் பார்த்து கரண்ட் போனது, வைஃபையும் போனது. போனில் ஆறு சதவீதம் சார்ஜ். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் இழுக்காது, மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போனால்தான் கிடைக்கும். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஏறினேன். படம் வரவில்லை, எண்கள் மட்டும் வந்தன. 57 என்று இருந்த பாக்கி முப்பதானது, பத்தானது, அப்புறம் இல்லாமலே போனது. நான் இணையம்தான் தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்தேன். போன் அணைந்துவிட்டது. மறுநாள் காலையில்தான் படத்தைப் பார்த்தேன். ஹெல்மெட் ஒரு பக்கமாகச் சரிந்து, முகம் வெளுத்து, ரோக்லிச் அந்த ஏற்றத்தில் மிதித்துக்கொண்டிருந்தார். ஒரே நாளில் 1 நிமிடம் 56 விநாடி இழந்திருந்தார். பாரிஸில் பந்தயம் முடிந்தபோது போகாச்சாருக்கு 21 வயது, மறுநாள்தான் பிறந்தநாள்.

அதற்குப் பிறகு அவர் 2021, 2024, 2025 என்று மொத்தம் நான்கு முறை ஜெயித்துவிட்டார். இடையில் 2022-லும் 2023-லும் டென்மார்க்கின் யோனாஸ் விங்கெகோர் அவரை மலையில் வைத்து உடைத்தார். இந்த இருவரின் பகையை மட்டும் பிடித்துக்கொண்டு டூர் பார்ப்பவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் ஆர்வம் குறைந்துவிட்டது. ஒருவரே ஓயாமல் ஜெயித்தால் நோட்டைப் புரட்டுவதில் சுவாரசியம் இல்லை.

மலைக்காரர்கள் என்ற முறையில் இரண்டு பேரை மட்டும் உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன். 2019-ல் ஜெயித்த கொலம்பியாவின் எகான் பெர்னால் வளர்ந்த ஊர் சிபாகிரா, சுமார் 2,650 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டா உச்சி 2,637. அதாவது நம் மாவட்டத்தின் உச்சியில் நாம் டெலஸ்கோப் ஹவுஸ் வைத்திருக்கிறோம், அங்கே அந்த உயரத்தில் ஒரு நகரமே இருக்கிறது. 2024-ல் பச்சை சட்டை ஜெயித்த எரித்ரியாவின் பினியாம் கிர்மாய் பிறந்த அஸ்மாரா 2,300 மீட்டருக்கு மேல், ஊட்டியைவிடக் கொஞ்சம் உயரம். டூரில் ஒரு நாள் ஓட்டத்தை ஜெயித்த முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் அவர்தான். ஐரோப்பிய டீம்கள் ரத்தத்தில் சிவப்பணு கூடட்டும் என்று டூருக்கு முன்னால் டெனெரிஃபே தீவின் எரிமலைமேல், சுமார் 2,100 மீட்டரில், வாரக்கணக்கில் போய்த் தங்குகின்றன. நீங்கள் ஊட்டி மார்க்கெட்டில் கேரட் வாங்குகிற உயரம் அது.

பெர்னால் ஜெயித்த விதமும் நமக்குப் பழக்கமான சங்கதி. முடிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது 2,770 மீட்டர் இசெரான் கணவாயை முதலில் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தார். கீழே ஆலங்கட்டி மழை, மண்சரிவு, ரோடு அடைத்துவிட்டது. ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். கணவாய் உச்சியில் இருந்த நேரத்தையே கணக்கில் எடுத்து அவருக்கு மஞ்சள் சட்டை கொடுத்தார்கள். அன்றைய ஓட்டத்துக்கு வெற்றியாளர் என்று யாருமே இல்லை. பொக்லைன் தண்ணீரைத் தள்ளுகிற படத்தைக் காட்டியபோது விறகு அண்ணன், "இது நம்ம குன்னூர் ரோட்டு பர்லியாரு இல்ல?" என்றார்.

ஊக்கமருந்து பற்றி யாராவது உங்களிடம் கட்டாயம் சொல்வார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை ஏழு முறை ஜெயித்தார். 2012-ல் ஏழையும் பறித்தார்கள், அந்த வருஷங்களுக்கு வேறு யாரையும் வெற்றியாளர் என்று எழுதவில்லை. நோட்டில் ஏழு பக்கம் காலி. அதற்குப் பிறகு கட்டுப்பாடுகள் இறுகியிருக்கின்றன. ஆனாலும் ஒருவர் மிக அதிகமாக ஜெயிக்கும்போது எனக்குள் ஒரு சந்தேகம் வராமல் இல்லை. வந்தாலும் பார்க்கிறேன்.

நம் மலையில் என்ன நடக்கிறது என்று கேட்டீர்கள். 2008 முதல் டூர் ஆஃப் நீல்கிரிஸ் நடக்கிறது. பல நாள் ஓட்டம், தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் மூன்றையும் தொட்டு வரும். அது தொழில்முறைப் பந்தயம் அல்ல. வருகிறவர்கள் பெரும்பாலும் வேறு வேலை பார்த்துக்கொண்டு சைக்கிள் ஓட்டுபவர்கள். சில ஏற்றங்களில் மட்டும் நேரம் எடுப்பார்கள். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறுகிற கல்லட்டிதான் அதில் பேர்போனது, 36 கொண்டை ஊசி. ஆல்ப் துவேஸைவிடப் பதினைந்து வளைவு அதிகம்! அவர்கள் வரும்போது ஏதாவது ஒரு மேல் வளைவில் போய் நில்லுங்கள். பிரான்ஸில் இதற்காக ஜனங்கள் முந்தின நாளே மலையில் கூடாரம் போட்டுக் காத்திருப்பார்கள். தேர் பார்க்கப் போகிற மாதிரிதான். முன்னால் மிட்டாய் வீசுகிற விளம்பர வண்டிகள் வரும், அப்புறம் போலீஸ், அப்புறம் ஐந்து நிமிடத்தில் எல்லாம் போய்விடும். டிவியில் தெரியாதது ஒன்று அங்கே தெரியும். அவர்கள் மூச்சு விடுகிற சத்தம். கல்லட்டியில் நான் நின்றபோது முதலில் கேட்டது அதுதான், ஆள் தெரிவதற்கு முன்னாலேயே.

கடைசியாக, யாரை ஆதரிப்பது. நான் வருஷா வருஷம் தண்ணீர் சுமக்கிற ஆள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பேன். பேரை ஒரு தாளில் எழுதி டின்னில் ஒட்டிவிடுவேன். ராத்திரி முடிந்ததும் அவர் எத்தனாவதாக வந்தார் என்று கீழேயிருந்து தேடுவேன். தினமும் ஜெயித்தவருடைய நேரத்தை வைத்து ஒரு காலக்கெடு போடுவார்கள், அதற்குள் வராதவர் மறுநாள் ஓட முடியாது. மலை நாட்களில் கனத்த உடம்புக்காரர்கள் எல்லாம் பின்னால் ஒன்று சேர்ந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரே கூட்டமாக வருவார்கள். அந்தக் கூட்டத்துக்கு அங்கே "பஸ்" என்றே பேர்.

2024-ல் முதல் நாள் நல்ல வெயில். பிரிட்டனின் மார்க் கேவண்டிஷ், அப்போது 39 வயது, முதல் ஏற்றத்திலேயே பின்தங்கி, ரோட்டில் வாந்தி எடுத்துவிட்டார். டூரில் 34 நாள் வெற்றி பெற்று பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் வைத்த சாதனையுடன் சமமாக நின்றவர், அந்த ஒரே ஒரு வெற்றிக்காக இன்னொரு வருஷம் வந்திருந்தார். டீம் ஆட்கள் அவரைச் சுற்றி நின்று காற்றைத் தடுத்து, தலையில் தண்ணீர் ஊற்றி, இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஜெயித்தவர் வந்து 39 நிமிடம் கழித்து, கெடுவுக்குப் பத்து நிமிடம் போலப் பாக்கி இருக்கும்போது வந்து சேர்ந்தார்கள். அந்த வருஷம் டின்னில் எழுதியிருந்தது அந்த டீமில் ஒருவரின் பேர். மேடையில் பரிசு கொடுத்து முடித்து, ஒளிபரப்பு நிற்கிற சமயம். இலையைக் கிளறிவிட்டு வந்த விறகு அண்ணன், எல்லாரும் வந்துட்டாங்களா என்று கேட்டார். வந்துட்டாங்க என்றேன். நாலு நாள் கழித்து, ஐந்தாம் நாள் ஓட்டத்தில், கேவண்டிஷ் தன் 35-வது வெற்றியைப் பிடித்தார். நீங்கள் பார்ப்பதை விட்டேன் என்று சொன்னீர்களே, அதே ஐந்தாம் நாள்.